தளபதியின் கோட்டுக்கு நீலம் பூசியது யார்?

1860-களைச் சேர்ந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவரின் படம், அதாவது கல்லச்சில் கறுப்பாக அடித்து அப்புறம் கையால் வண்ணம் தீட்டிய லித்தோ படம் ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். மீசையையும் தாடியையும் விட்டுவிட்டு முதலில் கோட்டுப் பொத்தான்களை எண்ணுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது, மும்மூன்றாகச் சேர்ந்து இருந்தால் அவர் மேஜர் ஜெனரல். வரிசைக்கு எட்டு, இரண்டிரண்டாக இருந்தால் பிரிகேடியர் ஜெனரல். வரிசைக்கு ஏழு, சம இடைவெளி என்றால் கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர் இந்த மூவரில் ஒருவர். ஒரே வரிசையில் ஒன்பது மட்டும் இருந்தால் கேப்டனோ லெப்டினன்டோ. அன்றைய ராணுவ விதிப்புத்தகம் அப்படித்தான் சொன்னது.

இப்போது இடுப்புக் கச்சையின் நிறத்தைப் பாருங்கள். அதே விதிப்படி ஜெனரல்களுக்கு மங்கிய சந்தன நிறம், மற்ற அதிகாரிகளுக்குக் கருஞ்சிவப்பு, மருத்துவ அதிகாரிகளுக்குப் பச்சை. பொத்தான் இவர் மேஜர் ஜெனரல் என்கிறது, கச்சை இவர் கேப்டன் என்கிறது, இப்படி ஒன்று வந்தால் எதை நம்புவது?

பொத்தானைத்தான். ஏனென்றால் இந்த வகைப் படம் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு வேறு வேலைகள் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. கறுப்புக் கோடும் நிழலும் ஒரு கலைஞர் ஒரே ஒரு தடவை கல்லில் வரைந்தது, ஆயிரம் பிரதி அடித்தாலும் ஆயிரத்திலும் அதே பொத்தான்தான். வண்ணம் அப்படியில்லை. அது ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக, அந்த அதிகாரியை வாழ்நாளில் பார்த்தே இராத யாரோ ஒருவர், கூலிக்கு, வேகமாகப் பூசியது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் இந்தப் படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும், அதனால் முதலில் கல்லிலிருந்தே தொடங்கலாம்.

கல்லச்சைக் கண்டுபிடித்த அலோயிஸ் செனஃபெல்டர் விஞ்ஞானி இல்லை, நாடகம் எழுதியவர். பிராகில் 1771-இல் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்தவர், தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796-இல் சலவைக்குப் போகும் துணிகளின் பட்டியலைக் கையில் தாள் இல்லாமல் ஒரு கல்லின்மேல் எண்ணெய்ப்பசை உள்ள மையால் குறித்து வைத்தார் என்பது அவரே சொன்ன கதை. அந்தக் கல்லை அமிலத்தில் அரித்து, எழுத்து மேடாக நிற்கும்படி செய்து முதலில் அச்சடித்துப் பார்த்தார். அதில் பெரிய புதுமை இல்லை, மர அச்சும் அதையேதான் செய்கிறது. உண்மையான திருப்பம் 1798 வாக்கில் வந்தது: மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம், கல் தட்டையாகவே இருக்கட்டும், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே குணத்தை வைத்து அச்சடித்துவிடலாம் என்று கண்டுகொண்டார்.

இதற்கு எல்லாக் கல்லும் ஆகாது. பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபன் என்ற ஊரைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக் கல் தான் உலகம் முழுக்கப் போனது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான ஆழமற்ற கடல்நீரில் மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு படிந்து படிந்து உருவான கல் அது, அதனால் மணல் பருக்கையோ ஓட்டையோ இல்லாமல் ஒரே சீராக இருக்கும். பறவைகளின் முன்னோரைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறகும் எலும்புகளும் அச்சடியாகப் பதிந்து கிடைத்தது இதே கல்லில்தான், 1861-இல். இறகின் நரம்புவரை காப்பாற்றி வைத்த கல், தளபதியின் மீசை முடியைக் காப்பாற்றியதில் ஆச்சரியம் இல்லை. மஞ்சள் நிறக் கல் கொஞ்சம் மெத்து, சாம்பல் நிறக் கல் கெட்டி. முகம் வரைகிற மாதிரியான நுணுக்க வேலைக்குச் சாம்பல் கல்லைத்தான் தேடுவார்கள்.

வரைவதற்கு முன்னால் கல்லுக்கு 'பொரி' ஏற்ற வேண்டும். இரண்டு கற்களுக்கு நடுவே மணலும் தண்ணீரும் போட்டு ஒன்றின்மேல் ஒன்றைச் சுழற்றித் தேய்ப்பார்கள். முந்தைய படம் அழியும், அதோடு மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வரும். இது அலங்காரத்துக்கு இல்லை. அச்சு மையில் ஒரே ஒரு கறுப்புதான் இருக்கிறது, சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. கிரேயானை லேசாக இழுத்தால் அந்தச் சொரசொரப்பின் முனைகளில் மட்டும் படும், அழுத்தினால் பள்ளம்வரை இறங்கும். முனைகளில் மட்டும் பட்ட இடம் குட்டிக் குட்டிக் கரும்புள்ளிகளாக அச்சாகும், நம் கண் அதைச் சாம்பலாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். கன்னத்தின் வளைவு, நெற்றிச் சுருக்கம், கண்ணுக்கடியில் விழுந்த நிழல் எல்லாமே இந்தப் புள்ளி வித்தைதான். செய்தித்தாள்களில் புகைப்படம் அச்சிடும் புள்ளிமுறை வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இது நடந்துகொண்டிருந்தது.

கிரேயானில் என்ன இருக்கிறது? மெழுகு, மாட்டுக் கொழுப்பு, சோப்பு, அரக்கு, கொஞ்சம் புகைக்கரி. கரி ஓவியருக்குக் கோடு தெரிவதற்காக மட்டும், அச்சு வேலையில் அதற்குப் பங்கே இல்லை. வேலை செய்வது கொழுப்பும் சோப்பும். வரைந்து முடித்ததும் கல் முழுக்க வேலம் பிசினும் கொஞ்சம் நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள், மெல்லிய நுரை எழும், சுண்ணாம்பிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிற நுரை. அமிலம் கிரேயானில் உள்ள சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலத்தை விடுவிக்கும், அது கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் சோப்பாக மாறிக் கல்லிலேயே உட்கார்ந்துகொள்ளும். போர்வெல் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். தண்ணீரில் கரையாது, தண்ணீரை ஒட்டவும் விடாது. கோடு படாத இடங்களில் பிசின் கல்லைப் பற்றிக்கொண்டு ஒரு மெல்லிய படலமாகத் தங்கிவிடும், அதற்குத் தண்ணீர் என்றால் உயிர்.

அடுத்த கட்டம் முதல்முறை பார்ப்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும். டர்பன்டைன் ஊற்றி, அத்தனை நாள் பாடுபட்டு வரைந்த படத்தைத் துடைத்தே எடுத்துவிடுவார்கள். கரியும் மெழுகும் போய்விடும், கல்லில் ஒரு மங்கல் சாயல் மட்டும் தெரியும். ஆனால் படம் போகவில்லை, கால்சியம் சோப்பாகக் கல்லுக்குள் இருக்கிறது. ஈரப் பஞ்சால் ஒத்தினால் பிசின் இருக்கும் இடமெல்லாம் நனையும், படம் இருக்கும் இடம் நனையாது. மேலே எண்ணெய் மை தோய்த்த தோல் உருளையை ஓட்டினால் நனைந்த இடம் மையை உதறிவிடும், நனையாத இடம் வாங்கிக்கொள்ளும், போன தளபதி திரும்பி வருவார். ஈரத்தாளை விரித்து, கல்லை அச்சுப் பொறியின் கீழே இழுத்து, தோல் உறை போட்ட மரப்பட்டை ஒன்று அழுத்திச் சறுக்கிக்கொண்டு போக, ஒரு பிரதி ஆச்சு. ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடி நனை, மறுபடி உருட்டு. சிவகாசியின் ஆஃப்செட் இயந்திரங்கள் கல்லுக்குப் பதில் அலுமினியத் தகட்டை வைத்துக்கொண்டு இன்றும் செய்வது அடிப்படையில் இதே எண்ணெய்–தண்ணீர் சண்டைதான்.

சரி, அதிகாரியின் முகம் எங்கிருந்து வந்தது? 1839-க்கு முன்னால் என்றால் ஓவியமோ நேரில் வரைந்த கோட்டுப்படமோ. வியன்னாவில் யோசஃப் கிரீஹூபர் (1800–1876) இதில் பெரிய கை, சுமார் 3000 கல்லச்சு முகப்படங்கள் செய்திருக்கிறார். ராடெட்ஸ்கி முதலான ஆஸ்திரிய ராணுவத் தலைகளும் அதில் அடக்கம். 1839-இல் பாரிசில் டாகேர் தன் வெள்ளித்தகட்டுப் புகைப்பட முறையை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. அந்தத் தகட்டுப் படம் அபாரமான துல்லியம் உள்ளது, ஆனால் ஒரே ஒரு பிரதி, நகல் எடுக்க முடியாது, கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்த்து கல்லில் வரைந்து ஆயிரக்கணக்கில் விற்பது அச்சகக்காரர்களின் வேலையாயிற்று.

இங்கே இடவலக் குழப்பம் ஒன்று வரும், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். ஓவியத்தைப் பார்த்து அப்படியே கல்லில் நகல் எடுத்தால் அச்சில் தளபதியின் வாள் வலது இடுப்புக்குப் போய்விடும், கோட்டு பெண்கள் போடுவதுபோல மறுபக்கம் மூடும். அதனால் ஓவியர் கண்ணாடியில் பார்த்து வரைவார், அல்லது மெல்லிய தாளில் நகல் எடுத்துப் புரட்டிப் போடுவார். ஆனால் டாகேரின் தகடும் கண்ணாடி பிம்பம் மாதிரி இடவலம் மாறியே படம் தரும்! ஆகவே தகட்டில் இருப்பதை அப்படியே கல்லில் வரைந்தால் தவறு இரண்டு முறை புரண்டு சரியாகிவிடும். 1850-களில் கண்ணாடி நெகட்டிவ் வந்து தாளில் நேரான படம் கிடைக்கத் தொடங்கியதும் மறுபடி பழைய தொல்லை. ஆகவே ஒரு படத்தில் வாள் தவறான பக்கம் தொங்கினால் அந்த வீரர் இடதுகைக்காரர் என்று கதை கட்ட வேண்டாம், கல்லில் வரைந்தவர் புரட்ட மறந்திருப்பார், அவ்வளவுதான்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததில் இன்னொரு சிக்கலும் இருந்தது, வண்ணத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம். அன்றைய புகைப்பட ரசாயனம் நீல ஒளிக்குத்தான் நன்றாக மசியும், சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. காலாட்படையின் வான்நீலக் கால்சட்டை வெள்ளைபோலப் பளிச்சென்று விழும், கருஞ்சிவப்புக் கச்சை கறுப்பாக விழும், தங்கநிறத் தோள்குஞ்சம் எதிர்பார்த்ததைவிடக் கருமையாக விழும். ஆக, நிறமே இல்லாத படம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை, நிறத்தின் அடர்த்தியைப் பற்றிக்கூடப் பொய் சொல்லும் படம். அதை மட்டும் பார்த்து யூகித்தால் தப்பாகத்தான் போகும்.

இனி நியூயார்க்குக்குப் போகலாம், ஏனென்றால் இந்த வியாபாரத்தை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தியது அங்கேதான். நத்தானியல் கரியர் 1813-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், பதினைந்து வயதில் பாஸ்டனில் பெண்டில்டன் சகோதரர்களின் கல்லச்சகத்தில் வேலை பழகப் போனார், 1830-களின் நடுவில் நியூயார்க்கில் சொந்தக் கடை. 1840 ஜனவரியில் லெக்சிங்டன் என்ற நீராவிக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது அந்தக் காட்சியைச் சில நாட்களிலேயே படமாக்கி விற்று ஊரெங்கும் பெயர் வாங்கினார். 1852-இல் கணக்கு எழுத வந்த ஜேம்ஸ் மெரிட் ஐவ்ஸ் 1857-இல் பங்காளியானார். கரியர் அண்ட் ஐவ்ஸ் என்ற அந்தப் பெயரில் மொத்தம் 7000-க்கும் மேற்பட்ட தலைப்புகளில் படங்கள் வெளிவந்தன.

போர் வந்தால் இவர்களுக்கு வியாபாரம். 1846-இல் மெக்சிகோவுடன் போர் தொடங்கியது, பாலோ ஆல்டோவில் பீரங்கிப்படை மேஜர் சாமுவேல் ரிங்கோல்டு அடிபட்டு இறந்தார், அதே ஆண்டில் அவருடைய மரணக் காட்சி கரியர் கடையில் படமாகத் தொங்கியது. ஜெனரல் சக்கரி டெய்லரின் படங்களும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால் டெய்லர் சீருடையே பிடிக்காத மனிதர், பழைய கோட்டும் வைக்கோல் தொப்பியுமாகத் திரிவார் என்று அவருடைய சிப்பாய்களே சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் காசு கொடுத்துப் படம் வாங்கிச் சுவரில் மாட்டுகிறவருக்கு வைக்கோல் தொப்பி எதற்கு? தங்கக் குஞ்சம் வைத்த முழுச் சீருடையில் டெய்லரை விற்றார்கள். 1848-இல் அவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததில் இந்த மலிவுப் படங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் பெரும்பாலான வாக்காளர்கள் வேட்பாளரின் முகத்தைப் பார்க்க வேறு வழி எது?

உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலும் இதே வேகம். 1861 மே 24-ஆம் தேதி வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு விடுதியின் கூரையில் பறந்த தென் மாநிலத் தரப்பின் கொடியை இறக்கிக்கொண்டு படியில் வந்த கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த்தை விடுதிக்காரர் சுட்டுக் கொன்றார், எல்ஸ்வொர்த்துக்கு வயது 24. வட மாநிலங்கள் முழுக்கக் கொந்தளித்தன, அவருடைய படம் சீக்கிரமே விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் சின்னப் புகைப்பட அட்டைகளும் சக்கைப்போடு போட்டன என்பது உண்மைதான், ஆனால் அவை உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம். சுவரில் மாட்டுகிற அளவில், வண்ணத்தில், சில்லறைக் காசுக்கு வேண்டுமென்றால் கல்லச்சுதான். சின்ன அளவுப் படம் 15 முதல் 25 சென்ட் வரை விற்றது, மொத்தமாக வாங்கினால் இன்னும் மலிவு.

அந்த விலைக்கு வண்ணம் எப்படிக் கட்டுப்படியாகும்? நீளமான மேஜை, அதைச் சுற்றிச் சுமார் பன்னிரண்டு பெண்கள், பலரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் ஒரு மாதிரிப் படம், எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் பார்த்து ஒப்புதல் சொன்னது. ஒரு பெண்ணுக்கு ஒரு நிறம். முதல் ஆள் வானத்தைக் கழுவியதுபோல வெளிர்நீலம் இழுப்பார், அடுத்தவர் முகத்துக்கு இளஞ்சிவப்பு, அதற்கடுத்தவர் கோட்டுக்குக் கருநீலம், இன்னொருவர் தோள்குஞ்சத்துக்கு மஞ்சள், இப்படித் தாள் கைமாறிக்கொண்டே போகும், போகிற வழியிலேயே காய்ந்தும்விடும். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் விட்டுப்போனதைத் தொட்டு முடிப்பார். அவசர ஆர்டர் வந்தால் கூடுதல் ஆட்களை எடுத்து, வெட்டுத்தாள் அச்சு (ஸ்டென்சில்) வைத்துக்கூடப் பூசுவார்கள். பெரிய அளவுப் படங்களை மட்டும் வெளியே தேர்ந்த ஓவியர்களிடம் அனுப்பி, முழுப்படத்தையும் ஒரே கை தீட்டும்படி செய்வார்கள். ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஓடும் பட்டையைக் கொண்டுவந்தது 1913-இல், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பெண்கள் அதே தத்துவத்தில் தளபதிகளைத் தயாரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அவர்களில் ஒருவருடைய பெயர்கூடப் படத்தின் அடியில் வராது, வெளியீட்டாளர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில்.

தீட்டுவதிலும் ரசாயனம் உண்டு. பூசுவது நீர்வண்ணம், கறுப்பு மையோ எண்ணெய் மை. கல்லில் மையைத் தண்ணீர் விரட்டியது, இங்கே காய்ந்த மைக்கோடு நீர்வண்ணத்தை விரட்டுகிறது, அதனால் தூரிகை எத்தனை வேகமாகப் போனாலும் கோடு கரைந்து கலங்காது. வண்ணம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிய வேண்டும், கெட்டியாகப் பூசினால் கிரேயான் நிழல் எல்லாம் மூடிப்போய் முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நல்ல பிரதிகளில் முகத்துக்குக் கன்னத்திலும் உதட்டிலும் ஒரு சின்னச் சிவப்பு மட்டும் இருக்கும், மற்றதையெல்லாம் கறுப்புப் புள்ளிகளே பார்த்துக்கொள்ளும். தாளும் ஒத்துழைக்க வேண்டும். அச்சுக்கு மையை நன்றாகக் குடிக்கும் மெத்துத் தாள் நல்லது, ஆனால் அதே தாளில் நீர்வண்ணம் தொட்டால் மைத்தாளில் விழுந்ததுபோல ஊறிப் பரவும். பசையோ படிகாரமோ கலந்த நீரால் தாளை இறுக்கியாக வேண்டும். 1807-இல் ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் மரப்பிசினும் படிகாரமும் சேர்த்துத் தாள்கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார், மலிவு, எளிது. அதில் ஊறிய அமிலம் நூறு ஆண்டு கழித்துத் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும் என்று அன்று யாரும் கவலைப்படவில்லை.

நீலக் கோட்டுக்கு அதிகம் புழங்கியது பிரஷ்யன் நீலம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த இரும்புச் சேர்மம், மலிவு, கொஞ்சம் போட்டாலே அடர்த்தி. சிவப்புக்குக் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் உண்டு, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வெர்மில்லியனும் உண்டு. புல்வெளிக்குப் பளிச்சென்ற பச்சை வேண்டுமென்றால் செம்பும் ஆர்சனிக்கும் கலந்த மரகதப் பச்சை, பேர் அழகு, சரக்கு விஷம். கறுப்பு பூட்ஸ், கோட்டின் கரிய மடிப்பு போன்ற இடங்களில் கடைசியாக வேலம் பிசினைத் தடவி மினுமினுக்க வைப்பார்கள், படத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கல்லுக்கு உயிர் கொடுத்த அதே பிசின். ஆஸ்திரியக் காலாட்படை அதிகாரி என்றால் வேலை மிச்சம்: அவர்களுடைய கோட்டு வெள்ளை, தாளை அப்படியே விட்டுவிட்டுக் காலருக்கும் கைமுனைக்கும் மட்டும் நிறம் தொட்டால் போதும். வெள்ளை ஈயத்தைக் கொண்டு பளிச்சிட வைத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள், காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு அது நாளடைவில் கறுத்துவிடும், பழைய படங்களில் சில வீரர்களின் கையுறையும் வாரும் அழுக்குச் சாம்பலாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

இப்படித் தயாரான படத்தில் தவறு எங்கே நுழையும் என்று இப்போது பார்க்கலாம். அமெரிக்க அதிகாரியின் கோட்டுத் தோளில் தைத்த பட்டையின் நடுப்பகுதி காலாட்படைக்கு வான்நீலம், பீரங்கிப்படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்கு மஞ்சள். மாதிரிப் படத்தில் ஓவியர் தவறு விட்டால் அன்று பூசிய நூற்றுக்கணக்கான தாளிலும் அதே தவறு. மாதிரி சரியாக இருந்து மேஜையில் மஞ்சள் கிண்ணம் தீர்ந்துபோயிருந்தால் சில தாள்களில் மட்டும் வேறு நிறம். ஒரே கல்லில் அடித்த இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் ஒன்றில் திரை சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் குதிரை பழுப்பு, ஒன்றில் சாம்பல் என்று இருப்பது வெகு சாதாரணம். இதை வைத்துக்கொண்டு 'இந்தப் படையணி 1862-இல் இந்த நிறம் அணிந்தது, படமே சாட்சி' என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும்.

கறுப்பு மட்டும் முழு யோக்கியமா என்றால் அதுவும் இல்லை, ஆனால் அதை மாற்றுவதற்கு உழைப்பு வேண்டும். தளபதிக்குப் பதவி உயர்வு வந்தால் கல்லில் பழைய பொத்தானைச் சுரண்டி எடுக்க வேண்டும், அங்கே பிசின் பிடித்திருப்பதால் புதிய கோடு ஒட்டாது, அசெட்டிக் மாதிரி மென்மையான அமிலத்தால் கழுவிப் பிசினை நீக்கிக் கல்லை மறுபடி கொழுப்பை ஏற்கச் செய்து, அப்புறம் வரைய வேண்டும். 1864 மார்ச்சில் வட மாநிலத் தளபதி கிரான்ட் லெப்டினன்ட் ஜெனரல் ஆனபோது தோளில் மூன்றாவது நட்சத்திரம் ஏறியது, பழைய படம் வைத்திருந்த அச்சகங்களுக்கு இப்படியொரு வேலை வந்தது. கரியர் கடையின் மிகப் பேர்போன திருத்தம் பதவியைப் பற்றியது இல்லை, குடியைப் பற்றியது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து 1783-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் வாஷிங்டன் தன் அதிகாரிகளிடம் விடைபெறும் காட்சியை 1848-இல் வெளியிட்டபோது அவர் கையில் மதுக்கிண்ணம் இருந்தது, மேஜையில் குப்பியும் இருந்தது. 1876-இல் மறுபடி வெளியிட்டபோது மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்தது, கிண்ணம் காணாமல் போயிற்று, குப்பி இருந்த இடத்தில் ஒரு தொப்பி.

கையால் தீட்டும் காலத்தை முடித்துவைத்தது நிறத்துக்கு ஒரு கல் என்ற பலகல் அச்சு. எட்டு நிறம் வேண்டுமா, எட்டுக் கல், தாளை ஒவ்வொன்றிலும் இம்மி பிசகாமல் பொருத்தி வைத்து அடிக்க வேண்டும். 1894-இல் மும்பையில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் பிறந்தது இந்த முறையில்தான், நம் வீட்டுப் பூஜையறைகளில் பரவலாக இடம்பிடித்த வண்ணப் படங்கள் அவை. கரியர் அண்ட் ஐவ்ஸ் இதற்கு முழுமனதாக மாறவில்லை, பெரும்பாலும் கையையே நம்பியது, 1907-இல் மூடப்பட்டது.

இன்று இந்தப் படங்கள் வெளிறி இருப்பதற்கு வெயில்தான் முதல் குற்றவாளி. கார்மைன் மிக வேகமாக ஓடிவிடும், அதனால் ரத்தச்சிவப்பாக இருந்த கச்சை இன்று ஜெனரலின் சந்தன நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கலாம், பொத்தானை எண்ணாமல் பதவி சொல்லாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது. பிரஷ்யன் நீலம் விசித்திரமானது, ஒளியில் வெளுக்கும், இருட்டில் காற்றுப்பட வைத்தால் ஓரளவு திரும்பி வரும், ஆனால் காரம் பட்டால் பழுப்பாகி ஒரேயடியாகப் போய்விடும். அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட தாள்களை 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல், அதுவும் குறைந்த காலத்துக்கு மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன.

பழைய கடையிலோ ஏலத்திலோ ஒன்றைப் பார்த்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கறுப்பு நிழல் ஒழுங்கற்ற பொரிப்புள்ளிகளாக இருந்து, நிறம் புள்ளி இல்லாமல் நீர்த்திட்டாக, ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்து, அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் அது கையால் தீட்டியது. நிறங்களும் தனித்தனிப் பொரிப்புள்ளிகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பலகல் அச்சு. கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு நாலும் வரிசை தவறாத குட்டிப் பூக்கள் மாதிரி கட்டங்கட்டமாக நின்றால் அது 20-ஆம் நூற்றாண்டில் காலண்டருக்காக அடித்த மறுஅச்சு, கரியர் அண்ட் ஐவ்ஸ் படங்களில் அது ஏராளம். பிடித்திருந்தால் தாராளமாக வாங்கி மாட்டுங்கள், விலை மட்டும் காலண்டர் விலையாகக் கொடுங்கள்.